பதினேழாம் பெட்டியின் மகள்கள்

பனிமூட்டம் இறங்கிவிட்டால் எங்கள் பள்ளத்தாக்கில் தேனீக்கள் வாயைத் திறக்கக் கூடாது. எழுபது நாள். பெட்டியின் பக்கவாட்டில் காதை வைத்து விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டினால், உள்ளேயிருந்து ‘உஸ்’ என்று ஒரு சீறல் வரும். வந்த வேகத்தில் அடங்கிவிடும். அதுதான் நல்ல குடும்பத்துக்கு அடையாளம். தட்டாமலே சத்தம் கேட்டால் உள்ளே ஏதோ தப்பு நடக்கிறது என்று அர்த்தம்.

என் தொழில் ராணி வளர்ப்பது. தேன் எடுப்பது எல்லாரும் செய்கிற வேலை. ராணி ஈயை வளர்த்து, தீப்பெட்டி அளவு கூண்டில் போட்டு, யார் பெட்டியில் ராணி கிழடாகிவிட்டதோ அவர்களுக்குக் கொடுப்பது என் ஒருத்தியின் வேலை. பள்ளத்தாக்கில் இருந்த அறுநூறு பெட்டிகளில் ஐந்நூறு பெட்டியின் ராணி என் கொல்லையில் பிறந்தவள். அதனால் எனக்கு ‘ராணியம்மா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். கையில் புகைப்பான், முகத்தில் வலை, விரலெல்லாம் மெழுகுப் பிசுக்கு, இப்படி ஒரு ராணியை எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள். என் வீட்டுக்காரர் பழச் சங்கத்தின் கூடத்தில் பழம் தரம் பிரிக்கிறார். “வீட்டம்மா என்ன பண்றாங்க?” என்று யாராவது கேட்டால், “சும்மா ஈ ஓட்டிட்டு இருக்கா” என்பார். இருபது வருடமாக ஒரே நகைச்சுவை, இருபது வருடமாக அவரே சிரித்துக்கொள்வார்.

எங்கள் ஈக்கள் கறுப்பு. உருவத்தில் சிறிசு, குணத்தில் மோசம். பெட்டி மூடியைத் திறக்கும் முன்பே கொட்ட வரும். தேனும் கொஞ்சம்தான் தரும். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டு ‘சோம்பேறி ஈ’ என்பார்கள். ஆனால் மூட்டத்துக்கு இருபத்தைந்து நாள் முன்பு, வானம் பளிச்சென்று இருக்கும்போதே, ராணி முட்டை போடுவதை நிறுத்திவிடுவாள். யாரும் சொல்லித் தருவதில்லை. ஆண் ஈக்களைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவார்கள். குடும்பம் இரண்டு கை அளவுக்குச் சுருங்கி, ஒரு பந்தாகக் கூடி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுபது நாளைக் கடத்தும். பூவே இல்லாத, வெயிலே இல்லாத எழுபது நாள். அந்தக் கஞ்சத்தனம்தான் அவர்களை இத்தனை காலம் இங்கே வைத்திருந்தது.

பிரச்சினை ஆரம்பித்தது வேறு இடத்தில். குஞ்சு அடைகளில் ஓட்டை விழ ஆரம்பித்தது. ஒரு கையகல அடையில் நூறு குழியில் புழு இருந்தால் முப்பது குழி காலி. ஈக்களே தங்கள் புழுவை எடுத்துத் தின்றுகொண்டிருந்தன. அரசு ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். குனிந்த நிலையில் அரை மணி நேரம் அடையைப் பார்த்தார்.

“இங்க இருக்கிறது எல்லாம் ஒண்ணுக்கு ஒண்ணு சொந்தம்மா. அக்கா, தங்கச்சி, அத்தை, எல்லாம் ஒரே வீடு. சுத்தி மலை, வெளியிலிருந்து எதுவும் வர்றதில்ல. சொந்தத்துக்குள்ளேயே கட்டிக் கட்டி இப்படி ஆகிப்போச்சு.”

“என்ன பண்ணலாம்?”

“வெளி ரத்தம் கொஞ்சம் வேணும். மூணு ராணி போதும். நாலு வேண்டாம். சமையல்ல உப்பு போடற மாதிரி, ஒரு சிட்டிகை.”

நான் என் அக்கா வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். மாமாவிடம் எந்நேரமும் நானூறு, ஐந்நூறு பெட்டி இருக்கும். எதுவும் ஓரிடத்தில் நிற்காது. எங்கே பூக்கிறதோ அங்கே லாரியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார். பூ உதிர்ந்ததும் அடுத்த ஊர். அவருடைய ஈக்கள் மஞ்சள். சாது. கையில் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பனியோ பஞ்சமோ வருவதற்கு முன்பே லாரி கிளம்பிவிடும் என்பதால் அவை ஒரு நாள்கூடப் பட்டினி பார்த்ததில்லை.

“மூணு ராணி வேணும் மாமா.”

“ராணி எதுக்கு பாப்பா, ராஜ்யத்தையே கொண்டு வரேன்” என்றார். எனக்கு நாற்பத்து நான்கு வயது. அக்கா கல்யாணத்தில் எட்டு வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததால் இன்னமும் நான் பாப்பா.

சொன்னபடியே செய்தார். பழத்தோட்டம் பூக்கும் நேரத்தில் நூற்றிருபது பெட்டியோடு வந்து இறங்கினார். சங்கத்துக்காரர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்த வருடம் மரத்தில் இலை தெரியவில்லை, அத்தனை காய். நூற்றிருபது பெட்டியிலும் ஆயிரக்கணக்கில் ஆண் ஈ. ராணிக்குக் கல்யாணம் ஆகாயத்தில்தான். மாப்பிள்ளை ஒருவன் அல்ல, பத்துப் பதினைந்து பேர். யார் யார் என்று பார்க்க எந்த ராணி வளர்ப்பவளாலும் முடியாது. எங்கள் கறுப்பு ராணிகள் மேலே போனார்கள், திரும்பி வந்தார்கள். மூன்று வாரத்தில் ஓட்டையே இல்லாத குஞ்சு அடை. தட்டில் வார்த்த மாதிரி முழுசாக இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த வருடம் தேன் எடுக்கும்போது, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த பதினேழாம் பெட்டியை என்னால் தனியாகத் தூக்க முடியவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். இரண்டு பேருமாகத்தான் இறக்கினோம். மற்ற பெட்டிகளைப் போல மூன்று மடங்கு. கறுப்பும் மஞ்சளும் கலந்த ஈக்கள், ஒன்றுகூடக் கொட்டவில்லை.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். எந்தக் குடும்பத்திலிருந்து ராணிகளை வளர்ப்பது என்று நான் தேர்ந்தெடுப்பது மூட்டம் கழிந்த பிறகுதான். எழுபது நாள் முடிந்து மூடியைத் திறக்கும்போது எது உயிரோடும் மிச்சத் தேனோடும் இருக்கிறதோ அதுதான் தாய்ப் பெட்டி. அது நானே எனக்கு வைத்துக்கொண்ட சட்டம். பதினேழாம் பெட்டியின் கனத்தைக் கையில் உணர்ந்ததும் அந்தச் சட்டம் எங்கே போனதோ தெரியவில்லை. மூட்டத்துக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கும்போதே, தாய் இதுதான் என்று பெட்டியின் மேல் சாக்பீஸால் வட்டம் போட்டேன். அந்தக் கோடையில் பதினேழின் மகள்கள் நூற்றைம்பது பேரை வளர்த்துப் பள்ளத்தாக்கு முழுக்கக் கொடுத்தேன். அடுத்த வருடம் இன்னும் இருநூறு. யாருக்கும் வேறு ராணி பிடிக்கவில்லை. “பதினேழு இருந்தா குடுங்க ராணியம்மா” என்று வாசலில் வந்து நின்றார்கள்.

முதல் வருட மூட்டம் ஏனோ முப்பதே நாளில் கலைந்தது. எல்லாப் பெட்டியும் பிழைத்தது. அதை நல்ல சகுனம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டோம், நானும்தான். மாமா இரண்டாவது வருடமும் வந்தார், இருநூறு பெட்டியோடு. நான் ராணி கொடுக்காத பெட்டிகளிலும் புது ராணிகள் அந்த மஞ்சள் ஆண் ஈக்களோடுதான் கூடின.

இரண்டாவது வருடம், மூட்டத்துக்கு இருபது நாள் முன்பு ஒரு பெட்டியைத் திறந்தேன். அடை நடுவில் வெள்ளை வெள்ளையாக முட்டை. அன்று காலையில் போட்ட முட்டை. குழியின் அடியில் நேராக நின்றுகொண்டிருந்தது. அடுத்த பெட்டியிலும் முட்டை. அதற்கு அடுத்ததிலும். ஆண் ஈக்கள் ஒன்றையும் யாரும் வெளியே தள்ளவில்லை. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி கொழுத்துப்போய் அடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தன.

“முட்டை போட்டா நல்லதுதானே? குடும்பம் பெருசாகும்” என்றார் வீட்டுக்காரர்.

“இப்ப பெருசாகக் கூடாதுங்க.”

“நீயும் உன் கவலையும். போன வருஷம் பிழைக்கலையா?”

அவர் சொல்வது சரியாக இருந்துவிட வேண்டும் என்று ஆசையாக இருந்தது.

மூட்டம் இறங்கி ஒன்பதாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டே கொல்லைக் கதவைத் திறந்தேன். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. கொல்லையில் இருந்த என் எண்பத்து நான்கு பெட்டியும் ஒரே குரலில் முனகிக்கொண்டிருந்தன. பிரஷ் வாயில் இருக்க அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே குஞ்சு இருக்கிறது, அதற்குச் சூடு வேண்டும், சூட்டுக்காக ஈக்கள் தேனைத் தின்று உடம்பை உதறுகின்றன. அறுபத்தோரு நாள் பாக்கி இருக்கும்போது அடுப்பை முழுசாக எரிய விட்டிருந்தார்கள்.

சங்கக் கூடத்தில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். “மூட்டத்துலயும் என்னமா சத்தம் போடுது பாரு, என்ன உழைப்பு!” என்று பேசிக்கொண்டார்கள். நான் எழுந்து விவரம் சொன்னேன். ராணியம்மாவுக்கு எப்போதும் ஏதாவது குறை சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்று ஒருவர் சொல்ல, கூடம் சிரித்தது.

தினமும் காலையில் பெட்டிகளின் பின்பக்கத்தில் கை கொடுத்து ஓர் அங்குலம் தூக்கிப் பார்ப்பேன். திறந்து பார்க்க முடியாதபோது தேன் எவ்வளவு மிச்சம் என்பதைக் கைதான் சொல்லும். இருபதாம் நாள் கனம் குறைந்தது தெரிந்தது. முப்பதாம் நாள் பதினேழாம் பெட்டி காலி அட்டைப்பெட்டி போல எழும்பியது. பசியில் ஈக்கள் மூட்டத்துக்குள் பறந்தன. வெளியே ஒரு பூ இல்லை. ஈரத்தில் சிறகு நனைந்து, கொல்லைப் படிக்கட்டில் விழுந்து, நடந்தே திரும்பப் பார்த்தன. கதவைத் திறந்தால் காலடியில் நெறிபட்டன. நான் செருப்பில்லாமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன்.

சர்க்கரைப் பாகு வைத்தேன். பாகு உள்ளே போனதும் பூக்காலம் வந்துவிட்டது என்று நினைத்து ராணி இன்னும் முட்டை போடுவாள், அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். பசிக்குது என்று கத்துகிற எண்பத்து நான்கு பெட்டிகளின் நடுவில் நின்று கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. பாகு பத்து நாளைக்கு வந்தது.

அதன் பிறகு சத்தம் ஒவ்வொரு பெட்டியாக நின்றது. காலையில் தொட்டிப் பக்கம் அமைதியாக இருக்கும், மறுநாள் வேலியோரம். ஐம்பத்திரண்டாம் நாள் பதினேழைத் தட்டினேன். மறுபடி தட்டினேன். திறந்தேன்.

ஈக்கள் எல்லாம் தலையைக் காலிக் குழிக்குள் நுழைத்துக்கொண்டு செத்திருந்தன. கடைசிச் சொட்டை நக்கப் போனவை. வெளியே தெரிந்ததெல்லாம் வால் பகுதிதான், வரிசை வரிசையாக மஞ்சள். நடு அடையில் ஒரு கையகலத்துக்கு மூடிய குஞ்சுகள். அவற்றின் மேல் இரண்டு அடுக்கு ஈக்கள் கவிழ்ந்து படுத்திருந்தன. தாங்கள் சாகும்வரை பிள்ளைகளுக்குச் சூடு கொடுத்திருக்கின்றன. நல்ல தாய்மார்கள்தான். இந்த இடத்துக்கு ஆகாதவர்கள், அவ்வளவுதான். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

மூட்டம் கலைந்ததும் பள்ளத்தாக்கு முழுக்க நடந்து ஒவ்வொரு வீட்டுப் பெட்டியையும் தட்டினேன். அறுநூறில் பதினான்கு. நீரேற்று நிலையத்தின் பழைய சுவருக்குள் குடியிருந்த குடும்பத்தைப் பெட்டிக்கு மாற்றி, அதையும் சேர்த்துத்தான் பதினான்கு. எல்லாமே கறுப்பு, ஒரு கைப்பிடி அளவு, மூட்டம் முடிந்தும் மிச்சத் தேனோடு. மற்ற பதின்மூன்றும் என் பேச்சைக் கேட்காமல் பழைய ராணியையே வைத்துக்கொண்ட வீடுகளுடையவை. ஒன்று என் கண் இமையிலேயே கொட்டியது. வீங்கிய கண்ணோடு சிரித்தேன், பைத்தியக்காரி மாதிரி.

கூடத்தில் கூட்டம் போட்டார்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. லாரிக்காரர் கொண்டு வந்த ஈயால்தான் இப்படி ஆனது என்று ஒருவர் ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் எழுந்தேன். “லாரி மேல பழி போடாதீங்க. லாரி மட்டும் வந்துட்டுப் போயிருந்தா அது ஒரு சிட்டிகை உப்பு. மூட்டம் கழிச்சுத் தாயைத் தேர்ந்தெடுக்காம, தேனைப் பார்த்து மயங்கி, பதினேழோட மகளுங்களை வீட்டுக்கு வீடு குடுத்தது நான்தான். படி உப்பைக் கொட்டினது என் கை.”

சங்கத் தலைவர், “சரி, இப்ப என்ன செய்யலாம்? இன்னும் அம்பது நாள்ல மரம் பூக்கும். ஈ இல்லன்னா காய் இல்ல” என்றார்.

“பதினாலு குடும்பம் இருக்கு. ஆண் ஈ பிறந்து பறக்கிறதுக்கு நாப்பது நாள் ஆகும். அதுக்குள்ள நான் ராணி வளர்த்துடறேன். கறுப்பு ராணி கறுப்பு ஆண் ஈயோட சேரணும். அந்த அஞ்சாறு நாள் ஆகாயத்துல ஒரு மஞ்சள் ஈ இருக்கக் கூடாது. அதுக்கப்புறம் லாரி வரட்டும், கீழ்த் தோட்டத்துல இறக்கட்டும், பூ உதிர்ந்ததும் போகட்டும். நான் குறுக்க நிக்கல.”

தலைவர் அங்கேயே மாமாவுக்குப் போன் போட்டார். ஐம்பதாம் நாள் முந்நூறு பெட்டி, அதற்கு ஒரு நாள் முன்பு ஒரு பெட்டிகூடக் கிடையாது. மாமா சரி என்றார். என்னிடம் பேச வேண்டும் என்று கேட்டார். நான் கையசைத்து வேண்டாம் என்றேன்.

பதினான்கு பெட்டியையும் பள்ளத்தாக்கின் மேல் முனையில் இருந்த கைவிட்ட கல்குவாரிக்குக் கொண்டு போனேன். மூன்று பக்கம் பாறை. கீழ்த் தோட்டத்துக்கும் அதற்கும் ஒன்பது கிலோமீட்டர். நாள்களை எண்ணி வேலை செய்தேன். ஆண் ஈக்கள் முதலில், அவை பறக்கும் வயதுக்கு வரும்போது ராணிகளும் பறக்க வேண்டும். ஊசி முனை அளவுப் புழுவை எடுத்து, ராணியாக வளர மெழுகுக் கிண்ணத்தில் வைக்கும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு ராணிகள் வெளியே வந்தார்கள். நிலக்கரி மாதிரிக் கறுப்பு. ஒவ்வொருத்தியையும் ஒரு சின்னப் பெட்டியில் குடிவைத்தேன். நாற்பத்தோராம் நாள் ஆண் ஈக்கள் குவாரி வாசலில் பறந்து பார்த்தன. இரவு சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம், “நாளைக்கோ நாளன்னைக்கோ ராணிங்க மேல போயிடும்” என்றேன். இரண்டு மாதத்தில் நான் முதல் முறையாகப் பேசிக்கொண்டே சாப்பிட்டதாக அவர் பிறகு சொன்னார்.

நாற்பத்திரண்டாம் நாள் தூறல். ஒருத்தியும் வெளியே தலை நீட்டவில்லை. நாற்பத்து மூன்றாம் நாள் காலையும் மேகம். வெயில் வந்தால்தான் ராணி பறப்பாள் என்பதால் அவசரப்படாமல் வீட்டு வேலையை முடித்தேன். பதினொன்றரைக்கு வெயில் உடைத்துக்கொண்டு வந்தது. குவாரிப் பாதையில் ஏறினேன். பாதி தூரத்திலேயே சத்தம் கேட்டது. பதினான்கு குடும்பத்துக்கு அத்தனை சத்தம் வராது. ஓட ஆரம்பித்தேன்.

குவாரி வாசலில் லாரி நின்றது. பாறை ஓரமாக ஐம்பது பெட்டிகள், கோடு பிடித்த மாதிரி, எல்லா வாசலும் திறந்து. பெட்டி ஒவ்வொன்றிலும் புது வர்ணம். மாமா கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர், அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு. இரண்டு பேர் முகத்திலும் திருடனைப் போல ஒரு சிரிப்பு.

“பாப்பா!” என்று எழுந்தார் மாமா. “பார்த்தியா! காலையில ஒன்பது மணிக்கே வந்துட்டோம். சகலை போன்ல சொன்னாரு, நீ எதையும் சாப்பிடறதில்ல, கொல்லைப் பக்கமே போறதில்லன்னு. உங்க அக்கா ஒரே அழுகை. இது எல்லாம் உனக்கு. காசு பேச்சு எடுத்தா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

“மாமா, அம்பது நாள்னு சொன்னோமே.”

“அது வியாபாரப் பெட்டிக்குக் குடுத்த வாக்கு. அது அம்பதாம் நாள்தான் வரும், ஒண்ணு முன்னாடி வராது. இது நம்ம வீட்டுப் பெட்டிம்மா.”

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இரண்டும் ஓடின. புல்லைப் பிடுங்கி, முந்தானையைக் கிழித்து, பெட்டி வாசல்களை அடைத்தேன். பன்னிரண்டு பெட்டிவரை அடைத்திருப்பேன். அடைத்து என்ன பயன்? உச்சி வெயில். ஆண் ஈக்கள் எல்லாம் எப்போதோ மேலே போய்விட்டன. அண்ணாந்து பார்த்தேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, நீல வானம் முழுக்க அந்தத் தடித்த ரீங்காரம் மட்டும்.

அப்போது முதல் ராணி திரும்பி வந்தாள். சின்னப் பெட்டியின் வாசல் பலகையில் இறங்கினாள். வாலில் வெள்ளை நூல் மாதிரி ஒன்று தொங்கியது. கல்யாணம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். ஒரு நிமிடம் நின்று உள்ளே போனாள். பக்கத்துப் பெட்டியில் இன்னொருத்தி. அதற்குப் பிறகு இன்னொருத்தி.

வீட்டுக்காரருக்கு, கூட்டத்தில் நான் ஆகாயத்தைப் பற்றிச் சொன்னது நினைவு வந்து, மெதுவாகப் புரிந்தது. இருபது வருடம் ஈ ஓட்டுபவளோடு குடித்தனம் நடத்தியவர். முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மாமாவுக்குப் புரியவில்லை. “என்னம்மா? நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?” என்றார், அறுபது வயது மனிதர், பரீட்சையில் தோற்ற பிள்ளையின் குரலில். அந்த நிமிடம் அவரை அடிக்க வேண்டும் போலவும், அவர் காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

“ஒண்ணும் இல்ல மாமா. வெயில்ல ஓடி வந்தேன். தண்ணி இருந்தா குடுங்க.”

ராணிகள் முட்டை போடத் தொடங்கி இருபத்தொரு நாள் கழித்து முதல் பிள்ளைகள் பிறந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஈ குழியின் மூடியைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஈரமும் தள்ளாட்டமுமாக என் விரல் நகத்தின் மேல் ஏறியது. வயிற்றில் மஞ்சள் பட்டை. மகரந்தத் தூளாக இருக்கும் என்று கட்டைவிரலால் துடைத்தேன். போகவில்லை. பத்துக்கு ஏழு அப்படித்தான் இருந்தன.

ராணிகளை நசுக்கிவிட்டு மறுபடி ஆரம்பித்திருக்கலாம் என்று நீங்கள் கேட்கலாம். பதினொன்றை நசுக்கினேன். அதற்கு மேல் கை வரவில்லை. மறுபடி ஆரம்பிக்க ஆகாயமும் இல்லை. கீழே முந்நூறு பெட்டி வந்து இறங்கி, மரமெல்லாம் பூத்து, பள்ளத்தாக்கே மஞ்சளாக முழங்கிக்கொண்டிருந்தது. பூ உதிர்ந்ததும் அவை போகவில்லை. ஆளுக்குப் பத்து, இருபது என்று மாமாவிடமே வாங்கிக் காலிப் பெட்டிகளை நிரப்பிக்கொண்டார்கள். வேண்டாம் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். “காய் பிடிக்கணுமே ராணியம்மா” என்றார்கள். கறுப்புத் தாய்கள் பதினான்கு பேரில் பலர் கிழவிகள். கோடை முடிவதற்குள் பன்னிரண்டு பெட்டியில் ஈக்களே பழையவளை மாற்றிப் புது மகளை வைத்துக்கொண்டன. மகள்கள் பறந்ததும் அதே ஆகாயத்தில்தான்.

இன்று மூட்டம் இறங்கி ஏழாம் நாள். காலையில் குவாரிக்குப் போனேன். இரண்டு கறுப்புப் பெட்டிகளும் அங்கேதான் இருக்கின்றன. ஒன்றில் காதை வைத்துத் தட்டினேன். ‘உஸ்’ என்றது, அடங்கியது. மற்றதைத் தட்டினேன். அதுவும் அடங்கியது. குளிர்ந்த பலகையிலிருந்து காதை எடுக்கவே மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது போன் அடித்துக்கொண்டிருந்தது. மாமா. பின்னால் அக்காவின் குரலும் கேட்டது.

“எப்படி இருக்க பாப்பா? நம்ம ஈ எல்லாம் எப்படி இருக்கு?”

நான் கொல்லைக் கதவைத் திறந்து போனை வெளியே நீட்டினேன். வெள்ளையில் எதுவும் தெரியவில்லை. எழுபது பெட்டி, தட்டாமலே.

“ஆகா!” என்றார். “என்ன சத்தம், என்ன சத்தம்! ஏய், இங்க வந்து கேளு, நம்ம ஈ!” அக்காவிடம் போன் போய்த் திரும்பி வந்தது. “இந்த வாட்டி பிழைச்சிடும் பாரு.”

போனைக் காதில் வைத்தபடி கொல்லைக் கதவைச் சாத்தினேன். அவருக்கு அது கேட்டிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, எனக்கு எட்டு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த அதே பிரியத்தோடு சொன்னார்:

“அப்படியே போனாத்தான் என்ன பாப்பா? நான் இருக்கேன்ல. வருஷா வருஷம் கொண்டு வந்து குடுக்கறேன்.”